கள்ளிக்கும் கோத்திரம் உண்டு

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், இளநீர்க் குவியல்களுக்கும் ரிசார்ட் போர்டுகளுக்கும் நடுவே நர்சரிகளைப் பார்க்கலாம். ரோஜா, குரோட்டன்ஸ், செம்பருத்தி வரிசையில் இப்போது டிராகன் ஃப்ரூட்டும் சேர்ந்துவிட்டது. பெயர்தான் சீனத்து வாசனை அடிக்கிறதே தவிர, அது மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கொடிக்கள்ளி. 2021இல் குஜராத் அரசு அதற்கு 'கமலம்' என்று பெயர்கூட மாற்றிப் பார்த்தது.

விவரம் தெரிந்த நர்சரிக்காரராக இருந்தால் ஒரு எச்சரிக்கை கொடுப்பார். "செவப்பு ரகத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுக்காதீங்க சார். பூவு பூக்கும், காய் நிக்காது. வேற ரகம் ஒண்ணு கூட வைங்க."

இரண்டாவது கன்றையும் நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அவர் சொல்வது சரி. வெள்ளைச் சதை ரகம் பெரும்பாலும் தனியாகவே காய்த்துவிடும். சிவப்புச் சதை ரகங்களில் பலவற்றுக்குத்தான் இந்த வீம்பு. சாயங்காலம் மொட்டு அவிழ்ந்து, ஒரு அடி நீளத்துக்கு வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வாடிப் போகிற பூ. உள்ளே நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள். நடுவில் சூலகமுடி. இரண்டுக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான் தூரம். ஒரு பிரஷ்ஷை எடுத்து இந்தத் தூளை அந்த முடியில் தடவினாலும் பிரயோஜனமில்லை. பூ அதை வாங்கிக்கொண்டு, உள்ளே விடாமல் நிறுத்திவிடும். நாலைந்து நாளில் காம்பு மஞ்சளாகி விழும். வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவுங்கள், காய் நிற்கும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஒரே தாய்க்கொடியிலிருந்து வெட்டி வைத்த இரண்டு கன்றுகளை வாங்கி வந்தால் அது ஜோடி ஆகாது. நம் கண்ணுக்குத்தான் இரண்டு. தாவரவியல் கணக்கில் அது ஒரே செடி, இரண்டு தொட்டியில் இருக்கிறது.

சென்னையில் பல மாடி வீடுகளில் 'பிரம்ம கமலம்' என்று ஒரு செடி வைத்திருப்பார்கள். அசல் பிரம்ம கமலம் இமயமலையில் பூப்பது. இது அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு அமெரிக்கக் கள்ளி. நிஷாகந்தி என்பதும் இதுதான். ராத்திரி பத்து மணிக்குப் பூக்கப் போகிறது என்றால் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, கற்பூரம் காட்டி, போட்டோ எடுத்துக்கொள்வார்கள். விடிந்தால் பூ தலை தொங்கிவிடும். அதில் காயோ பழமோ பார்த்தவர்கள் அபூர்வம். பக்கத்து வீட்டு மாமி கொடுத்த இலைத் துண்டு, அந்த மாமிக்கு அவர் நாத்தனார் கொடுத்தது என்று கை மாறிக் கை மாறி வந்தது. தெரு முழுக்கப் பூத்தாலும் பெரும்பாலும் ஒரே செடிதான் தெரு முழுக்கப் பூத்திருக்கிறது. அந்த வாசனையெல்லாம் வராத விருந்தாளிக்கு இறைத்த பன்னீர்.

செடி தன்னை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது? அதற்குக் கண் இல்லை, மூளை இல்லை. இருப்பது ஒரு இனிஷியல்.

1925இல் ஈஸ்ட், மாங்கெல்ஸ்டார்ஃப் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் புகையிலைச் செடியை வைத்து இந்த விஷயத்தை அவிழ்த்தார்கள். நமக்கு அப்பாவின் இனிஷியல் ஒன்று. செடிக்கு இரண்டு: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. மகரந்தத் துகள் ஒவ்வொன்றும் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பும். போய் இறங்குகிற பூவின் இரண்டு இனிஷியல்களில் எதோடாவது இது ஒத்துப்போனால் அனுமதி கிடையாது. சொந்தப் பூவில் இறங்கும் மகரந்தத்துக்குக் கண்டிப்பாக ஒத்துப்போகும். ஆகவே கண்டிப்பாக அனுமதி இல்லை.

தடுக்கும் விதமும் அழகாக இருக்கிறது. மகரந்தம் சூலகத்தை நோக்கி ஒரு குழாயை வளர்க்கும். பூவின் சூல்தண்டு அந்தக் குழாய்க்குள் ஒரு நொதியைச் செலுத்தும். அது விஷம் மாதிரி. குழாயின் உள்வேலைகளைச் சிதைத்துவிடும். வெளியிலிருந்து வரும் மகரந்தத்திடம் அதற்கு மாற்று மருந்து இருக்கும். தன் வீட்டு விஷத்துக்கு மட்டும் எந்த மகரந்தத்திடமும் மாற்று மருந்து இருக்காது. கள்ளிகளிலும் இதே ஏற்பாடுதான் இயங்குகிறது என்று 2021இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதுவரை படித்ததும் உங்களில் பாதிப் பேருக்கு ஒரு வார்த்தை ஞாபகம் வந்திருக்கும்: கோத்திரம். சில சமூகங்களில் அதைக் கூட்டம் என்பார்கள், சிலவற்றில் கிளை. குலதெய்வம் ஒன்றானால் பங்காளி என்பார்கள். பெயர் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். ஒரே முத்திரை உள்ளவர்களுக்குள் சம்பந்தம் கூடாது. அவர்கள் அண்ணன் தங்கை முறை.

'பார்த்தீர்களா, நம் முன்னோர்களுக்கு ஜெனடிக்ஸ் தெரிந்திருக்கிறது' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி இங்கே தயாராகிவிடும். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

உங்கள் அப்பாவின் தம்பிக்கு ஒரு மகள். உங்கள் அம்மாவின் தம்பிக்கு ஒரு மகள். முதலாமவள் தங்கை, அவளைக் கட்டுவது பற்றி நினைப்பதே பாவம். இரண்டாமவள் முறைப்பெண், கட்டாவிட்டால்தான் பாவம். அந்தக் காலத்தில் மாமன் வீட்டார் கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிடுவார்கள். ஆனால் மரபணுக் கணக்கில் இந்த இரண்டு பெண்களும் உங்களுக்கு ஒரே தூரம். இருவரோடும் நீங்கள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். அக்கா மகள் இன்னும் நெருக்கம்: நாலில் ஒரு பங்கு.

கோத்திரம் அப்பா வழியாக மட்டும் வருகிற முத்திரை. அந்த வாசலுக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு, அம்மா வழி வாசலை விரியத் திறந்து கோலமும் போட்டு வைத்திருக்கிறோம். கிளை தாய் வழியாக வரும் சமூகங்களும் இருக்கின்றன. அங்கே திறந்திருப்பது அடுத்த வாசல். எந்தக் கோத்திரமும் ரத்தத்தைப் பார்ப்பதில்லை. போர்டில் எழுதியிருப்பதைப் பார்க்கிறது. அமெரிக்காவில் சந்தித்துக்கொள்கிற, பத்துத் தலைமுறைக்கு எந்த உறவும் இல்லாத இரண்டு பேர் ஒரே கோத்திரமாக இருந்தால் வீட்டில் பாட்டி படுத்துவிடுவாள். ஒரே தாத்தா மடியில் வளர்ந்த இரண்டு பேருக்குப் பத்திரிகை அடிப்பார்கள்.

இந்த விஷயத்தில் கள்ளிப் பூவும் அப்படித்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதுவும் உறவைப் பார்ப்பதில்லை, இனிஷியலைப் பார்க்கிறது. ஒரே பழத்தின் விதைகளிலிருந்து முளைத்த உடன்பிறப்புகளில், இனிஷியல் இரண்டும் வேறாக அமைந்துவிட்டால் தாராளமாகக் கூடிக் காய்க்கும். எங்கோ தொலைவில் வளர்ந்த அந்நியச் செடி தற்செயலாக அதே இரண்டு இனிஷியல் வைத்திருந்தால் வெளியே போ என்றுவிடும். பூவுக்கு நியாயம் தெரியாது. ஒரு பூட்டும் சாவியும் தெரியும்.

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் அர்ஜுனன் தபசுக்கு முன்னால் நிற்கிறோம். அது பகீரதன் தபசு என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தச் சண்டை இப்போது வேண்டாம். அர்ஜுனன் மணந்த சுபத்திரை யார்? அவன் தாய் குந்தியின் சகோதரர் வசுதேவரின் மகள். சுத்தமான மாமன் மகள். அவர்கள் பிள்ளை அபிமன்யுவுக்கு, நம் தென்னாட்டுக் கதை மரபில், பலராமன் மகள் வத்சலா. அவளும் மாமன் மகள். அந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்கத்தான் 1957இல் 'மாயாபஜார்' படத்தில் ரங்காராவ் அத்தனை லட்டையும் விழுங்கினார். முருகனுக்கு வள்ளியையும் மாமன் மகளாகவே ஆக்கி வைத்திருக்கிறோம். கடவுள்களுக்கே இப்படியென்றால் நம்மைச் சொல்வானேன்?

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 28 பேர் ரத்த உறவில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இந்திய சராசரி சுமார் 11. கர்நாடகத்தையும் தாண்டி நாம்தான் முதலிடம். 1955ஆம் வருட இந்துத் திருமணச் சட்டம் மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுவதைத் தடை செய்கிறது. கூடவே, 'வழக்கம் அனுமதித்தால் தவிர' என்று ஒரு கதவையும் வைக்கிறது. தெற்கத்திக்காரர்கள் மொத்தப் பேரும் அந்தக் கதவு வழியாகத்தான் மண்டபத்துக்குள் போகிறார்கள்.

இதில் ஆபத்து எவ்வளவு? மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நாம் ஒவ்வொருவருமே பழுதான சில மரபணுக்களைச் சுமந்துகொண்டுதான் திரிகிறோம். ஜோடியில் ஒன்று பழுதானாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்வதால் தெரிவதில்லை. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பழுது, கணவன் வழியாகவும் மனைவி வழியாகவும் ஒரு குழந்தையிடம் போய்ச் சேர்ந்தால்தான் சிக்கல். பிறவிக் காது கேளாமை, சில பார்வைக் குறைகள், தலசீமியா, உடம்பின் வேதியியல் கோளாறுகள் பல இப்படி வருபவை. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று. அத்தை மகன், மாமன் மகள் என்றால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகி நாலு முதல் ஆறு வரை போகும். அக்கா மகள் என்றால் இன்னும் கூடுதல். தலைமுறை தலைமுறையாக ஒரே இரண்டு குடும்பங்களுக்குள் கொடுத்து எடுத்துக்கொண்டிருந்தால் மேலும் கூடுதல்.

"எங்க தாத்தா பாட்டி சொந்தந்தான். எங்கப்பா அம்மா சொந்தந்தான். நாங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கோம்?" என்பது இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது உண்மைதான். நூற்றில் தொண்ணூற்று நாலு பேர் இதைச் சொல்லலாம். மீதி ஆறு பேர் பேசுவதை யாரும் கேட்பதில்லை. அதில் சிலருக்குப் பேச்சே வரவில்லை.

இந்தக் கணக்கு ஒரு மனிதரை வாழ்நாள் முழுக்கத் தூங்கவிடாமல் செய்தது. சார்லஸ் டார்வின் 1839இல் தன் மாமன் மகள் எம்மாவைக் கட்டிக்கொண்டார். பத்துக் குழந்தைகள். மூன்று சிறுவயதிலேயே போய்விட்டன. 1851இல், பத்து வயதில், செல்ல மகள் ஆனி இறந்தது அவரை உடைத்துப் போட்டது. மிச்சக் குழந்தைகளுக்கும் ஒரு தலைவலி வந்தால்கூட, இது நம் கல்யாணத்தின் பலனோ என்று பயந்தார். பதினோரு வருஷம் செடிகளைத் தன் மகரந்தத்தாலும் அயல் மகரந்தத்தாலும் மாற்றி மாற்றிக் காய்க்க வைத்து, விதை போட்டு, உயரம் அளந்து, எடை பார்த்து 1876இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அயல் மகரந்தத்தில் பிறந்த செடிகள் பொதுவாக உயரமாகவும் திடமாகவும் இருந்தன. அந்தப் பக்கங்களை அவர் எந்த மனநிலையில் எழுதியிருப்பார்?

1871 பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொந்தத்தில் மணந்தவர்கள் பற்றி ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி நண்பர் மூலம் முயன்றார். பார்லிமென்ட் மறுத்துவிட்டது. பிறகு மகன் ஜார்ஜ் டார்வின் 1875இல் தானே புள்ளிவிவரம் சேகரித்து, ஆபத்து இருக்கிறது, ஆனால் பயந்த அளவு இல்லை என்றார். அந்த ஜார்ஜும் இரண்டு தம்பிகளும் பின்னால் விஞ்ஞானத்தில் 'சர்' பட்டம் வாங்கியவர்கள். மூன்று கல்லறையும் மூன்று 'சர்' பட்டமும் ஒரே வீட்டில். புள்ளிவிவரம் கூட்டத்துக்குப் பதில் சொல்லும். ஒரு வீட்டுக்குச் சொல்லாது.

ஆக, கள்ளி மாதிரி நாமும் வெளியே பார்க்க வேண்டும், இயற்கை அதைத்தான் சொல்கிறது என்று முடித்துவிடலாமா? முடியாது. இயற்கை ரொம்ப சௌகரியமான சாட்சி. எந்தக் கட்சி கூப்பிட்டாலும் வந்து சொல்லும்.

மாமல்லபுரம் கடற்கரை மணலிலும், செங்கல்பட்டு சுற்றுவட்டாரக் கரம்புகளிலும் சப்பாத்திக் கள்ளி பார்த்திருப்பீர்கள். சிவப்புப் பழத்தை முள் தேய்த்துத் தின்று நாக்கைச் சிவக்க வைத்துக்கொண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அதுவும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். நம் சதுரக்கள்ளி, திருகுகள்ளியெல்லாம் பால் வடியும் வேறு குடும்பம். 1780களின் கடைசியில் மதராஸில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி டாக்டர், சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு தோட்டம் போட்டார். கள்ளியில் வளரும் ஒரு பூச்சியை நசுக்கினால் ராஜ சிவப்புச் சாயம் வரும். அதில் ஸ்பெயின்காரர்கள் மட்டும் பணம் பண்ணுவது கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்தது. வந்தது தப்பான பூச்சி. சாயம் மட்டம்; ஆனால் ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்துவிட்டது. அது தொடாமல் விட்ட வேறு வகைக் கள்ளி தெற்கெங்கும் வேலியாக, காடாகப் பரவி விளைநிலங்களை விழுங்கியது. 1926இல் அதற்கென்று வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது.

இந்தக் கள்ளிக்கு ஜோடி தேடும் கவலையே கிடையாது. ஒரு மடல் முறிந்து மணலில் விழுந்தால் போதும், வேர் விட்டு இன்னொரு தானாக நிற்கும். தன்னந்தனியாக ஒரு நாட்டையே பிடித்த செடி. நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பந்து வைத்த கள்ளி விற்கிறார்களே, அது பச்சையமே இல்லாமல் பிறந்த குறைக்குழந்தை. தனியாக விட்டால் செத்துவிடும். டிராகன் ஃப்ரூட் மாதிரிக் கொடிக்கள்ளித் தண்டில் ஒட்டுப் போட்டு உயிரோடு வைத்திருக்கிறார்கள். அழகு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். இந்த மூன்று கள்ளியில் எது இயற்கையின் உபதேசம்? செடிகளுக்கு நடப்பு உண்டு; நெறி கிடையாது. நெறி நம் தலைவலி.

அதோடு, 'பரம்பரை' என்ற சொல்லைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் பயம் வேண்டும். செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1924இல் ஆரம்பித்த தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1955இல் மத்திய அரசு அதை எடுத்துத் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1847இல் நார்வே நாட்டுப் பெரிய டாக்டர்கள் இருவர், தொழுநோய் பரம்பரையாக வருவது என்று எழுதினார்கள். 1873இல் அதே ஊரில் ஹேன்சன் என்பவர் கிருமியைக் கண்டுபிடித்து அதைப் பொய்யாக்கினார். மருந்தும் வந்தது. நம்மூரில் அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம், "அந்த வீட்ல பெரியவருக்கு இருந்துதாம்" என்ற ஒரு வரியில் கல்யாணங்கள் நின்றன. பேத்திகள் வரை தண்டனை அனுபவித்தார்கள். தப்பான பரம்பரை ஞானம் ஒரு குடும்பத்தையே மூன்று தலைமுறைக்கு ஒதுக்கி வைத்தது.

இன்றைக்குச் சரியான ஞானம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம்? காது கேளாத குழந்தையோடு ஒரு தாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். "சொந்தத்துல பண்ணிக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றதும் தலையை ஆட்டுகிறார்கள். அந்தக் கல்யாணத்தை முடிவு செய்தது அவளா? பெரும்பாலும் சொத்து வெளியே போகக் கூடாது என்று நினைத்த இரண்டு கிழவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் சொன்னால் அது தகவல். குழந்தை பிறந்த பிறகு சொன்னால் அது கல்லெறி. அந்தக் குழந்தை யாருடைய பாவத்துக்கும் சம்பளம் இல்லை. மற்ற எந்தக் குழந்தையையும் போல முழுசாக வந்திருக்கிறது. அதற்கு வேண்டியது மெஷினும் பள்ளிக்கூடமும் சைகை தெரிந்த நாலு மனுஷர்களும்.

சொந்தத்தில் கொடுப்பதற்கு நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. போகிற வீட்டில் மாமியார் என்பவள் சின்ன வயசில் தலை வாரிவிட்ட அத்தை. வரதட்சணைப் பேச்சு கம்மி. அடித்தால் கேட்க ஆள் உண்டு. முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத மனிதனோடு ஒரு பெண்ணை அனுப்புவதை விட இது தேவலை என்று ஒரு தாய் நினைத்தால், அவளை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்ல எனக்கு மனசு வராது. அந்தப் பயத்துக்குக் காரணமான சமூகத்தை மாற்றாமல் அவளுக்கு ஜெனடிக்ஸ் வகுப்பு எடுப்பதில் என்ன இருக்கிறது?

வட்டத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்கலாம். 'நாங்க சொந்தத்துல பண்றதில்ல, வெளியிலதான்' என்கிற படித்த குடும்பங்கள் இப்போது அதிகம். அந்த 'வெளி' எது? மேட்ரிமோனியல் விளம்பரத்தில் முதல் கட்டத்தில் நிரப்புகிற ஜாதிதான். ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகளும் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் ஏறக்குறைய 4,200 வருஷங்களுக்கு முன்பிருந்து 1,900 வருஷங்களுக்கு முன்பு வரை எல்லோரும் எல்லோரோடும் கலந்தார்கள் என்றது. அதற்கப்புறம் கதவு சாத்தப்பட்டது. 2017இல் வந்த அடுத்த ஆய்வில் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்தார்கள். அதில் 81 குழுக்கள், உலகத்தில் நெருங்கிய வட்டத்துக்குப் பேர்போன ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கனாசி யூதர்களையும் விட இறுக்கமான வட்டத்திலிருந்து வந்தவை. பதினாலு குழுக்களில் தலைக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பத்து லட்சம் பேரும், ஒரு விதத்தில், ஒரே கொடியை வெட்டி நட்ட தோட்டம். நம் பக்கத்து மாநிலத்தில் ஒரு சமூகத்தாருக்கு ஆபரேஷன் செய்யும் முன் மயக்க டாக்டர்கள் ஜாதி விசாரிப்பதுண்டு. சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்து அவர்களில் சிலருக்குச் சீக்கிரம் இறங்காது. கேட்கக் கூடாத கேள்வி ஒரு உயிரைக் காப்பாற்றுவதற்காகக் கேட்கப்படுகிறது!

கள்ளிப் பூ தன்னைப் போன்றதைத் தடுக்கிறது. நாம் தன்னைப் போலில்லாததைத் தடுக்கிறோம். பூ ஒரு குழாயின் வளர்ச்சியை நிறுத்துவதோடு சரி. நாம் 2015இல், வேறு ஜாதித் தோழியோடு பேசியதற்காக கோகுல்ராஜைக் கொன்றோம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில், பட்டப்பகலில், சங்கரை வெட்டினோம். கௌசல்யா உயிர் பிழைத்தது அரிவாளின் கருணையால் இல்லை.

இங்கேதான் ஒரு வழுக்கல் பாறை இருக்கிறது. 'ஜாதி விட்டுக் கட்டினால் ஆரோக்கியமான பிள்ளை பிறக்கும், அதனால் எதிர்க்காதீர்கள்' என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் உண்டு. அந்த வாதமும் வேண்டாம். அது மாட்டுச் சந்தை வாதம். சங்கர், கௌசல்யா கல்யாணம் நியாயமானது அவர்கள் மரபணு விலகியிருந்ததால் அல்ல. அவர்கள் இருவரும் விரும்பியதால். ஒரு வேளை நாளைக்கே எதிர்மாறாக ஒரு ஆய்வு வந்தாலும் அவர்களை வெட்டியது கொலைதான். ஒரு நியாயத்தை ஆய்வுக்கூடத்தில் அடகு வைத்தால், ரிசல்ட் மாறும் அன்று அதை மீட்க முடியாது.

எனக்குத் தோன்றுவது இரண்டே கேள்விகள். முடிவு செய்வது யார்? விலை கொடுப்பது யார்? இரண்டுக்கும் பதில் ஒரே ஆளாக இருந்தால் நமக்கு அங்கே வேலையில்லை. மாமன் மகனும் அத்தை மகளும் மனசார விரும்பினால், கட்டிக்கொள்ளட்டும். கூடவே ஒரு டாக்டரைப் பார்த்து, குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது என்று சொல்லி, செய்யக்கூடிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளட்டும். ஏனென்றால் விலையில் ஒரு பங்கு, இன்னும் பிறக்காத, யாரும் அபிப்பிராயம் கேட்க முடியாத ஒரு ஆளின் கணக்கில் விழுகிறது. அதற்காகக் கொஞ்சம் கவனமாக இருப்பது பெற்றவர் கடமை.

பதில் வேறு வேறு ஆளாக இருக்கும்போதுதான் அநியாயம். காதுகுத்துக்கு மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்ட தாய்மாமனே, பதினெட்டு முடிந்த மறுவாரம், சில வீடுகளில் அதற்கும் முன்னாலேயே, மாப்பிள்ளையாக வந்து நிற்கிறான். "உரிமைப்பட்ட மாமன்டீ, வேற யாரு?" என்கிறார்கள். அங்கே நடக்கிற பெரிய தப்பு நாலில் ஒரு பங்கு மரபணுக் கணக்கில் இல்லை. அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில் இருக்கிறது. வேறு ஜாதிப் பையனை விரும்புகிற பெண்ணுக்கு நடப்பதும் அதேதான். ஒருத்தியைத் தள்ளிக் கட்டி வைக்கிறோம், இன்னொருத்தியை இழுத்துக் கட்டிப் போடுகிறோம். இரண்டு இடத்திலும் கயிறு ஒன்று.

செடியிடமிருந்து நெறி கற்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆகவே இதை உபதேசமாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கள்ளிப் பூவில் ஏற்பதா, மறுப்பதா என்பது தீர்மானமாகிற இடம் மகரந்தம் இல்லை. சூல்தண்டு, பூவின் பெண் பாகம்.

நம்மூரில் ஜாதகக் கட்டை விரித்துப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். தினம், கணம், ரஜ்ஜு, வேதை எல்லாம் பார்த்து முடித்து, ஜோசியர் தட்சணை வாங்கி மடியில் வைத்துக்கொண்டதும், உள்ளே அடுப்படியில் நிற்கிற பெண்ணிடம் யாராவது ஒருவர் போய்க் கேட்கலாம். அவள் வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் திரும்பி வரவும் தெரிய வேண்டும். அது பதினோராவது பொருத்தம். மற்ற பத்தும் அதற்கு அப்புறம்.